லாரிக்குச் சீர் வைத்த கண்ணாடி பாய்

உலகத்தில் லாரிக்கு வழி விட்டவர்கள் கோடிப் பேர் இருப்பார்கள். லாரியிடம் அனுமதி கேட்டு, அது "சரி, போ" என்று சொன்ன பிறகுதான் தாண்டிப் போவேன் என்று வைராக்கியமாக வாழ்ந்தவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் கண்ணாடி பாய். ஜவ்வாது மலையில் ஏறி இறங்கிய எந்த லாரி டிரைவரும் அவர் சலாமுக்குப் பதில் சலாம் வைக்காமல் தப்பித்ததில்லை. தப்பிக்கப் பார்த்தவர்களை ஜமுனாமரத்தூர் வரைக்கும் விடாமல் பின்தொடர்ந்திருக்கிறார். அப்போதெல்லாம் அவர் ஓட்டிய வேனுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருத்தி. இந்த மனிதரால் ஒரு நிச்சயதார்த்தமே நின்றுபோகப் பார்த்தது. அதையும் சொல்கிறேன்.

எனக்கு மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. வீடு வாணியம்பாடியில். என்னைப்போல் கீழே வீட்டையும் மேலே வேலையையும் வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர்கள் சிலர் சேர்ந்து பாயின் வேனைப் பேசி வைத்திருந்தோம். பாயின் நிஜப்பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. ஆள் குள்ளம். எதிரே நின்று பார்த்தால் ஸ்டியரிங்குக்கு மேல் ஒரு வெள்ளைத் தொப்பி மட்டும்தான் தெரியும். தொப்பியே வேன் ஓட்டிக்கொண்டு வருவதாக என் வகுப்புப் பிள்ளைகள் நம்பின.

எனக்கு அவசரம் பிறவிக் குணம். சாம்பார் கொதிப்பதற்குள் இறக்கிவிடுகிற ஜாதி நான். அப்படிப்பட்டவளை ஆண்டவன் பார்த்துப் பார்த்து இந்த வேனில் ஏற்றினான். முதல் நாளே ஆலங்காயம் தாண்டி மலை ஏறும்போது முன்னால் ஒரு லாரி. பாய் வேகத்தைக் குறைத்தார். லாரிக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஆட்டோ, ஒரு மாடு, ஒரு பேண்டு வாத்தியக் கோஷ்டி எல்லாம் தாராளமாக நுழையலாம், அவ்வளவு இடம். பிறகு கொஞ்சம் வலது பக்கம் ஒதுங்கி, இரண்டு முறை "பீப் பீப்" அடித்து, நெற்றிக்குக் கையைக் கொண்டுபோய் ஒரு சலாம் வைத்தார்.

"தெரிஞ்சவரா பாய்?" என்று கேட்டேன்.

"இனிமேதான் தெரியணும் டீச்சரம்மா."

"இன்னா?"

"அவன் கண்ணாடில அவன் மூஞ்சி எனக்குத் தெரியணும். எனக்கு அவன் தெரிஞ்சாத்தான் அவனுக்கு நான் தெரிவேன். தெரியலன்னு வெச்சுக்கோங்க, அவனப் பொறுத்தவரிக்கும் நான் இன்னும் பொறக்கவே இல்ல. பொறக்காத மனுசன் எப்பிடிம்மா ஓவர்டேக் பண்ணுவான்?"

ஒரு வளைவு போனது. இன்னொரு வளைவு போனது. பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் எங்களைத் திட்டிவிட்டுத் தாண்டின. கடைசியில் லாரியின் கண்ணாடியில் மீசையோடு ஒரு முகம் தெரிந்தது. அதுவும் கையைத் தூக்கியது. நேராக ரோடு கிடைத்ததும் பாய் "பிஸ்மில்லா" என்று கியரை மாற்றித் தாண்டினார். தாண்டும்போது லாரிக்குப் பக்கத்தில் ஒரு நொடிகூடத் தேவையில்லாமல் தங்கவில்லை. தாண்டி முடித்ததும், லாரி முழுசாக அவர் கண்ணாடியில் தெரிகிற வரைக்கும் இடது பக்கம் திரும்பவும் இல்லை. அன்று காலை வணக்கக் கூட்டம் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போன பிறகு நான் பள்ளிக்குள் நுழைந்தேன்.

இதே மலையில் இருக்கிற காவலூரில் பெரிய தொலைநோக்கி வைத்து எங்கேயோ இருக்கிற நட்சத்திரங்களைப் பார்க்கிறார்கள். பாய்க்கு அந்த ஆசையெல்லாம் கிடையாது. முன்னால் போகிற லாரி டிரைவரின் மூக்கு தெரிந்தால் போதும்.

ஒருநாள் ஒரு லாரி டிரைவர் எவ்வளவு பீப் அடித்தும் முகம் காட்டவில்லை. கண்ணாடியில் வெறும் கூரை தெரிந்தது. பாய் விடவில்லை. நாங்களும் வேறு வழியில்லாமல் விடவில்லை. ஜமுனாமரத்தூர் டீக்கடையில் லாரி நின்றதும் பாய் இறங்கிப் போய் விசாரித்தார். அந்த ஆள் காலையில் அந்தக் கண்ணாடியைப் பார்த்துத்தான் மீசையை ஒதுக்கியிருக்கிறான், திருப்பி வைக்க மறந்துவிட்டான்.

"மீசை நல்லாத்தான் கீது தம்பி," என்றார் பாய். "ஆனா ரோட்ல போறவன் உன் மீசையப் பாக்கணும். நீயே பாத்துகினு இருந்தா இன்னா அர்த்தம்?" அவரே ஏறிக் கண்ணாடியைத் திருப்பி, "இங்க நிக்கறேன், தெரியறனா? இங்க? இங்க?" என்று லாரியைச் சுற்றி ஒவ்வோர் இடமாக நின்று காட்டினார். லாரியின் மூக்குக்கு நேர் கீழே நின்றபோதும், இடது பக்கக் கதவை ஒட்டி நின்றபோதும் அந்த டிரைவர் "தெரியல பாய்" என்றான். பாய்க்கு ஒரே சந்தோஷம். ஏதோ பரீட்சையில் தேறியதைப்போல டீக்கடைப் பெஞ்சிலிருந்த எங்களைப் பார்த்து, "கேட்டீங்களா? இவ்ளோ கிட்ட நின்னும் தெரியலயாம்!" என்று கத்தினார்.

மலையில் இறங்கும்போது பார்க்க வேண்டும். எதிரே சிமெண்ட் மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி மூச்சு வாங்க ஏறி வந்தால் போதும், பாய் வண்டியை நிறுத்திவிடுவார். இடம் போதாவிட்டால் வந்த வழியே ரிவர்ஸ் எடுப்பார். "ஏர்றவனுக்குத்தான் வழி. அவன் நின்னா மறுபடி கெளம்ப மாட்டான், பின்னாடிதான் வருவான்," என்பார். ஒரு தடவை வரிசையாக லாரிகள் ஏறி வந்தன. நாங்கள் ரிவர்ஸ், ரிவர்ஸ், ரிவர்ஸ் என்று பின்பக்கமாகவே போய்ச் சாயங்காலம் ஏறின பள்ளி வாசலுக்கே வந்து சேர்ந்தோம். என் பள்ளி வாட்ச்மேன், "டீச்சர், இன்னிக்கு ரெண்டாந்தரம் வேலைக்கு வர்றீங்களா?" என்று கேட்டார்.

அவருக்குக் கண்ணாடி பாய் என்று பெயர் வந்ததற்குக் காரணம் இதெல்லாம்கூட இல்லை. வேனின் பின்சீட்டில் சாக்கு மூட்டைகள் இருக்கும். அதில் முழுக்க லாரிக் கண்ணாடிகள். வாணியம்பாடி காயலான் கடைகளில் தேடித் தேடிப் பொறுக்கி, சோப்பு போட்டுக் கழுவி, துடைத்து, மூட்டை கட்டி வைத்திருப்பார். வழியில் கண்ணாடி உடைந்த லாரியைக் கண்டால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். டிரைவர் யோசிப்பதற்குள் ஒரு கண்ணாடியும் ஸ்பேனருமாகப் படியில் ஏறி நிற்பார். ஒருவன் இவரை மஃப்டியில் வந்த ஆர்.டி.ஓ. என்று நினைத்து, லைசென்ஸ், இன்ஷூரன்ஸ், தன் கல்யாணப் பத்திரிகை வரைக்கும் எடுத்து நீட்டி, "சார், எங்கம்மாக்கு ஒடம்பு சரியில்ல சார்" என்று அழவே ஆரம்பித்துவிட்டான். பாய் பொறுமையாகக் கண்ணாடியை மாட்டிவிட்டு, "அம்மாவ நல்லாப் பாத்துக்க. பின்னாடி வர்றவனையும் பாத்துக்க," என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

அந்த மூட்டைகளால் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமா? வேன் குலுங்கினால் கண்ணாடிகளும் கடகடவென்று குலுங்கும். என் நல்ல பட்டுச்சேலை ஒன்று ஒரு கண்ணாடிக் கொக்கியில் மாட்டிக் கிழிந்தது. அன்று பாயை வாயில் வந்தபடி பேசிவிட்டேன். மறுநாள் ஒவ்வொரு கொக்கிக்கும் பழைய சாக்ஸ் மாட்டியிருந்தார்.

ஒருநாள் கேட்டே விட்டேன். "பாய், ஊர்ல இருக்கிற லாரிக்கெல்லாம் நீங்க மாமனாரா? எதுக்கு இந்தப் பாடு?"

"நான் லாரிக்காரன்மா," என்றார். "இருவது வயசுலேர்ந்து தோல் கம்பெனிக்குப் பச்சத் தோலு லோடு அடிச்சவன். லாரி மேல ஒக்காந்து பாருங்க, ஒலகமே தெரியும். மலை தெரியும், ஏரி தெரியும், அடுத்த ஊரு கோபுரம் தெரியும். பக்கத்துல நிக்கிற மனுசன் மட்டும் தெரிய மாட்டான். ஒரு நாளு அப்பிடித்தான், ஒரு பால்காரன் சைக்கிள்ல என் எடது பக்கம் வந்துகினு இருந்தான். நான் பாக்கல. திருப்பிட்டேன். அல்லா புண்ணியம், அவன் பக்கத்து நெல்லு வயல்ல போய் வுழுந்தான். பால் கேன் அப்பிடியே அப்பளம். எந்திரிச்சு வந்து என்னத் திட்டுவான்னு பாத்தா, 'அண்ணே, என்னத் தெரியலயா?'ன்னு கேட்டாம்மா. அவ்ளோதான் கேட்டான். அன்னிக்கு ராத்திரி எனுக்குச் சோறு எறங்கல."

ஆனால் மறுநாள் மறுபடி லேட்டானபோது மறுபடி திட்டினேன். என் குணம் அப்படி.

என்னைவிட அதிகமாகத் திட்டியவன் செல்வம். மலைமேல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்மசிஸ்ட். எங்களோடு வேனில் வருகிறவன். அதே இடத்தில் நர்ஸாக இருந்த சாந்தியைக் காதலித்தான். சாந்தி மலை ஊர்ப் பெண். அவள் அப்பா வெள்ளையப்பன் சாமையும் புளியும் விளைவிக்கிறவர். அவருக்குக் கீழ்நாட்டுக்காரர்கள் என்றாலே ஒரு சந்தேகம். "நாளைக்குக் காலைல வர்றேன்" என்று சொல்லிவிட்டு நாலு நாள் கழித்து வந்து நின்ற புளி வியாபாரிகளைப் பார்த்துப் பார்த்து வந்த சந்தேகம் அது. மகள் அழுததற்காகச் சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்.

"ஞாயித்துக்கெழம ராகு காலம் பொறக்கறதுக்குள்ள வந்து தட்டு மாத்தணுங்க. நேரம் தப்பினா இந்தப் பேச்சு அத்தோட முடிஞ்சுது. சொன்ன நேரத்துக்கு வராதவன் எம் பொண்ண எப்பிடிக் காப்பாத்துவான்?"

செல்வம் பறக்கிற டிரைவர் ஒருவனை ஏற்பாடு செய்யப் பார்த்தான். அவன் அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "மாப்ளயும் பொண்ணு வூட்டுக்கு முழுசாப் போவணும், நானும் முழுசா வூடு திரும்பணும். பாய் வண்டிதான்."

"அம்மா, அந்த ஆளு லாரியப் பாத்தா நின்னுடுவாரும்மா!"

"நிக்கட்டும். ஞாயித்துக்கெழம இன்னா லாரி வரப்போவுது?"

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சீர்த்தட்டுகள் வைக்க இடம் வேண்டும் என்று செல்வமே பாயின் கண்ணாடி மூட்டைகளை ஒன்று விடாமல் இறக்கி, தன் வீட்டுப் படிக்கட்டுக்கு அடியில் தள்ளினான். பாய் பார்த்துக்கொண்டே நின்றார். பெற்ற பிள்ளைகளை ஹாஸ்டலில் விடுகிற தகப்பன் முகம். "ஒண்ணே ஒண்ணு வெச்சுக்கறனே?" என்று கெஞ்சினார். "ஒண்ணும் கெடையாது. இன்னிக்கு எனக்கு நிச்சயம்," என்றான் செல்வம்.

நான் அவனுக்கு அக்கா முறையில் போனேன். என் மடியில் இருந்த தட்டில் சீப்பு, குங்குமச் சிமிழ், வளையல், முகம் பார்க்கும் கண்ணாடி. கடைவீதியில் நானே அலைந்து வாங்கிய கண்ணாடி அது. சோற்றுத்தட்டு அகலம், ரோஜா நிறச் சட்டம், மேலே தோகை விரித்த ஒரு பிளாஸ்டிக் மயில்.

ஆலங்காயம் தாண்டி மலையில் ஏறத் தொடங்கினோம். கடைசிக்கு முந்தின வளைவில், ஞாயிற்றுக்கிழமை என்பது தெரியாத ஒரு போர்வெல் லாரி எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. மேலே இரும்புக் குழாய்களும் எந்திரமுமாக, ஒரு பேரூராட்சியையே தூக்கிக்கொண்டு போகிற பாரம். மாடு நடக்கிற வேகம்.

பாய் இடைவெளி விட்டார். பீப் பீப் அடித்தார். சலாம் வைத்தார். பதில் இல்லை. ஒதுங்கிப் பார்த்தால், வலது பக்கத்தில் கண்ணாடி இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. செல்வம் மட்டும் கைக்கடிகாரத்தையும் பாயின் தொப்பியையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

"பாய், இன்னிக்கு ஒரு நாளு..."

"நைனா, அவனுக்கு நாம இல்ல."

"நாம இருக்கோம் பாய்! வேன் நெறைய இருக்கோம்!"

"அவனுக்கு இல்ல."

நல்லவேளையாக அந்த லாரி கொஞ்ச தூரத்தில் அகலமான ஒரு வளைவில் நின்றது. எஞ்சின் சூடாகி, கிளீனர் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற இறங்கினான். செல்வம் பட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடினான். டிரைவர் திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆள். தலையை வெளியே நீட்டி, "போங்க மாப்ள, தாராளமாப் போங்க" என்றார். செல்வம் ஓடி வந்து சொன்னான். பாய் இறங்கினார். நேராகப் போய் அந்த வெறும் கம்பியைத் தடவிப் பார்த்தார்.

"இன்னா ஆச்சு தம்பி?"

"எதுக்கால வந்த பஸ்ஸு ஒரசிட்டுப் போயிருச்சுங்க பாய். ஊருக்குப் போய்த்தான் மாத்தோணும்."

"மலை பூராவும் இப்பிடியேவா போவ?"

"தலைய நீட்டிப் பாத்துக்குவனுங்க."

"ஒரு தடவ நீட்டுவ, ரெண்டு தடவ நீட்டுவ. மலை எறங்கற வரிக்கும் தலைய வெளிய தொங்க வுட்டுகினா ஓட்டுவ? நான் போய்டுவேன், உனக்குப் பின்னாடி வர்றவன்?" சொல்லிக்கொண்டே பழக்கதோஷத்தில் வேனின் பின்கதவைத் திறந்தார். உள்ளே பழத்தட்டும் வெற்றிலைத் தட்டும் இருந்தன. மூட்டை இல்லை. திறந்த கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

"பாய், நேரம் போவுது! வண்டிய எடுங்க!" என்று கத்தினான் செல்வம். நானும் கத்தினேன். அவன் அம்மா, பாய் வண்டிதான் வேண்டும் என்று சொன்ன அதே வாயால், "இந்த ஆள நம்பி வந்தேன் பாரு, என்னச் செருப்பால அடிச்சுக்கணும்" என்றார்.

"கண்ணாடி இல்லாத வண்டியக் கண்டும் காணாத மாதிரி போனா, அப்புறம் நான் இன்னாத்துக்கு இந்த ரோட்ல ஓட்றது?" என்றார் பாய். குரல் உயரவில்லை. ஆனால் கண் கலங்கியிருந்தது. "ஒண்ணே ஒண்ணு வெச்சுக்கறேன்னு சொன்னேனே நைனா."

செல்வம் என்ன செய்வான் பாவம். அங்கே வெள்ளையப்பன் தெருமுனையில் நின்று பொழுதைப் பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளே சாந்தி உட்கார்ந்திருப்பாள். செல்வம் பாயைப் பார்த்தான், லாரியைப் பார்த்தான், கடைசியில் என் மடியைப் பார்த்தான். வேனில் இருந்த எல்லோருடைய கண்ணும் மெதுவாக என் மடிக்கு வந்தது. மயில் தோகையை விரித்துக்கொண்டு எங்களைப் பார்த்தது.

"ச்சே ச்சே! பொண்ணு சாமான்!" என்று பாயே பதறினார்.

"டேய், அபசகுனம்டா!" என்று அம்மா அலறினார்.

"பொண்ணே போவுது, கண்ணாடி எதுக்கும்மா!" என்று தட்டிலிருந்து அதை எடுத்துக்கொண்டு செல்வம் ஓடினான்.

பாய் டாஷ்போர்டிலிருந்து பழைய சைக்கிள் ட்யூப் ரப்பரை எடுத்து, அந்தக் கம்பியில் மயில் கண்ணாடியைச் சுற்றிச் சுற்றிக் கட்டினார். அவசரத்திலும் மூன்று முறை ஆட்டிப் பார்த்தார். திருச்செங்கோட்டு டிரைவர் தலையைச் சொறிந்தார்.

"ஏனுங்க பாய், என்ற லாரிக்குப் பூச்சூட்டறீங்களாக்கும்?"

"அழகாத்தான் கீது, ஒக்காரு. இங்க நிக்கறேன், தெரியறனா?"

"தெரியறீங்க."

"இங்க?"

"பாய்!" என்று வேனிலிருந்து நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் கத்தினோம்.

பாய் ஓடி வந்து ஏறினார். பீப் பீப். மயிலுக்குக் கீழே, ரோஜா நிறச் சட்டத்துக்குள், கடோத்கஜன் மாதிரி மீசை வைத்த ஒரு முகம் வந்து நின்றது. கையைத் தூக்கியது. வேனில் இருந்த அத்தனை பேரும், செல்வத்தின் அம்மா உட்பட, நெற்றிக்குக் கையைக் கொண்டுபோய்ச் சலாம் வைத்தோம். என் ஆயுளில் நான் மனசார வைத்த முதல் சலாம் அது. பாய் தாண்டினார்.

ஊருக்குள் நுழைந்தபோது ராகு காலம் பிறக்கச் சொற்ப நேரமே இருந்தது. தெருமுனையில் நின்ற வெள்ளையப்பன் எங்களைப் பார்த்ததும், "வந்துட்டாங்கப்பா, தட்ட வைங்க" என்று குரல் கொடுத்தார். செல்வத்துக்கு உயிர் வந்தது. வந்த உயிர் அங்கேயே நிற்கவில்லை. சாந்தியின் அத்தை ஒருத்தி என் தட்டைப் பார்த்தாள்.

"சீப்பு கீது. கண்ணாடி எங்க?"

நான் தட்டைச் சேலைத் தலைப்பால் மூடப் பார்த்தேன். கூட்டத்தில் முணுமுணுப்பு. "கண்ணாடி இல்லாத சீரு நம்ம ஊர்ல வாங்கறதில்லயே," என்றார் ஒருவர். வெள்ளையப்பன் முகம் மாறியது. "நேரத்துக்கு வந்தா மட்டும் போதுமா? எம் பொண்ணுக்கு ஒரு கண்ணாடி வாங்கக்கூட உங்களுக்கு மனசில்லயா?"

அந்த நேரம் பார்த்து பூமி அதிர ஒரு சத்தம். எல்லோரும் திரும்பினார்கள். போர்வெல் லாரி தெருவுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. வெள்ளையப்பனே தன் நிலத்தில் போர் போட வரச்சொன்ன லாரிதான் அது என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. லாரியின் வலது பக்கம் மயில் ஆடிக்கொண்டு வந்தது.

"இது இன்னாது?" என்றார் வெள்ளையப்பன்.

பேசிப் பேசியே லாரிகளை வழிக்குக் கொண்டுவந்த பாய்க்கு அன்று வார்த்தை தடுமாறியது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "தப்பு என்னுதுங்க. அவனுக்குப் பின்னாடி பாக்கக் கண்ணாடி இல்ல. நான்தான் போவ மாட்டேன்னு நின்னுட்டேன். புள்ள மேல கோச்சுக்காதீங்க. வேற கண்ணாடி நான் வாங்கியாந்து தர்றேன்."

அப்போது உள்ளேயிருந்து சாந்தி வந்தாள். பட்டுச்சேலையும் பூவுமாக வந்தவள் நேராக லாரிக்குப் பக்கத்தில் போய் நின்று, அந்தக் கண்ணாடியைப் பார்த்தாள்.

"அப்பா, அது அங்கயே இருக்கட்டும்."

"இன்னாம்மா சொல்ற?"

"நான் டெய்லி ஊசிப் பொட்டிய வண்டில வெச்சுகினு இந்த ரோட்லதான் போறேன். எந்த லாரிக்காரனுக்கும் நான் தெரியறதில்லப்பா. எத்தினி வாட்டி ஓரமா ஒதுங்கி நின்னு அழுதிருக்கேன், உங்ககிட்ட சொன்னா வேலைக்கு அனுப்ப மாட்டீங்கன்னு சொல்லல. இந்த ஒருத்தனுக்காவது தெரியட்டும்." சொல்லிவிட்டு, அந்த லாரிக் கண்ணாடியைப் பார்த்தே கலைந்திருந்த பொட்டைச் சரிசெய்துகொண்டாள்.

வெள்ளையப்பன் மகளைப் பார்த்தார். பிறகு பாயைப் பார்த்தார். "இந்த ரோட்லயா டெய்லி போற?" என்று, தெரிந்த விஷயத்தையே தெரியாததுபோல மகளிடம் கேட்டார்.

ஊர்ப் பெரியவர் ஒருவர்தான் தீர்ப்புச் சொன்னார். "பொண்ணு கண்ணாடியப் பாத்துடுச்சு, பொட்டும் வெச்சுகிச்சு. சீரு சேந்துடுச்சு. அது தட்டுல இருந்தா இன்னா, லாரில இருந்தா இன்னா? தட்ட எடுங்கப்பா, ராகு காலம் வந்துடப் போவுது." தட்டு மாற்றினார்கள். திருச்செங்கோட்டு டிரைவருக்கு முதல் பந்தியில் இலை போட்டார்கள். கல்யாணப் பத்திரிகையில் தங்கள் நல்வரவை நாடும் பெரியவர்கள் வரிசையில் 'கண்ணாடி பாய்' என்றே அச்சடித்தார்கள்.

போன வருஷம் பாய் வேன் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். கண்ணில் கோளாறு. மருந்து போடுகிறார், சரியாக வரவில்லை. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, அவராகவே சாவியை வைத்துவிட்டார். "அவன் மூஞ்சி எனுக்குத் தெரியலன்னா அப்புறம் எப்பிடி டீச்சரம்மா?" என்று கேட்டார். அன்று வீட்டுக்கு வந்து நான் அழுதேன். அந்த மனிதரை அத்தனை வருஷமும் திட்டிக்கொண்டே எவ்வளவு நேசித்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

இப்போது நான் ஒரு சின்னக் கார் வைத்திருக்கிறேன். போன மாசம் செல்வம், சாந்தி குழந்தைக்குக் காது குத்து. பாயை நான்தான் கூட்டிப்போனேன். பக்கத்து சீட்டில் தொப்பியும் அவருமாக உட்கார்ந்திருந்தார். மலை ஏறும்போது முன்னால் ஒரு புளி லாரி.

நான் இடைவெளி விட்டேன். ஒதுங்கினேன். பீப் பீப் அடித்தேன்.

"தெரியறானா டீச்சரம்மா?"

"இன்னும் இல்ல பாய்."

"அவசரப்படாதீங்க."

"நான் எங்க பாய் அவசரப்பட்டேன்!"

ஒரு வளைவு போனது. லாரியின் கண்ணாடியில் ஒரு முகம் வந்தது. அது என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி, பக்கத்து சீட்டில் இருந்த வெள்ளைத் தொப்பியைப் பார்த்தது. பல் தெரியச் சிரித்தது. ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து நெற்றியில் வைத்தது.

"வெச்சானா?" என்று கேட்டார் பாய்.

"வெச்சான் பாய். எனக்கில்ல, உங்களுக்குத்தான் வெச்சான்."

பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். கையைத் தூக்கிப் பதில் சலாம் வைத்தார். லாரி இருந்த பக்கம் இல்லை, கொஞ்சம் தள்ளி, சாலையோரத்துப் புளியமரத்துக்கு. தாண்டுவதற்கு நேரான ரோடு கிடைத்தது. நான் தாண்டவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் அந்த லாரிக்குப் பின்னாலேயே போனேன்.